அப்பாவுக்கு கிட்னி, மயினிக்கு வாதம்: எந்தத் தடுப்பூசியை எப்போது போடுவது?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சிஸ்டர், அப்பாவுக்கு 62 வயது. சுகர் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது. கையில் பிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) வைத்துவிடலாம் என்று கிட்னி டாக்டர் சொல்லிவிட்டார். மயினிக்கு (அண்ணிக்கு) 34 வயது, முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார், அடுத்து ரிட்டுக்ஸிமாப் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். சுகர்காரருக்கு ஊசி போட்டால் ஆகாது என்று இன்னொருவர் சொல்கிறார். எந்தெந்த ஊசி? கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் கிடைக்குமா? வீட்டில் மற்றவர்களும் போட வேண்டுமா?"

தம்பி, சுகர்காரருக்கு ஊசி ஆகாது என்பதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். சுகர் உள்ளவர்தான் முதலில் போட வேண்டியவர். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ லேசாகக் காய்ச்சல் வந்தால் சுகர் கொஞ்சம் ஏறலாம், இரண்டு நாளில் இறங்கிவிடும். எந்த ஊசி என்ற கேள்விக்கும் பதில் எளிதுதான். கஷ்டமெல்லாம் எப்போது போடுவது என்பதில் இருக்கிறது. நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவள். அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் தடுப்பூசி என்ற பேச்சையே மிஷின் பக்கத்தில் படுத்த பிறகுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். அதற்குள் நல்ல நேரம் பாதி போய்விடுகிறது. உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் அந்த நேரம் இன்னும் கையில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊசி மருந்து தானாகக் கிருமியோடு சண்டை போடுவதில்லை. அது உடம்புக்குக் கிருமியின் அடையாளத்தைக் காட்டும், எதிர்ப்பொருளை உடம்புதான் உண்டாக்க வேண்டும். கிட்னி செயலிழக்கச் செயலிழக்க அந்தச் சக்தி குறைந்துகொண்டே வரும். ரிட்டுக்ஸிமாப் அதைவிட நேராகவே வேலை செய்கிறது. எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களின் முந்தைய நிலையான பி செல்களையே அது அழித்துவிடுகிறது. ஆக, உடம்பு இன்னும் பதில் கொடுக்கும் நிலையில் இருக்கும்போதே ஊசியை முடித்துவிட வேண்டும்.

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். அவருக்கு முதல் இடம் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசிக்கு. ஈரலைத் தாக்கும் ஒரு வகை மஞ்சள் காமாலைக் கிருமிக்கு எதிரானது அது, சுருக்கமாக பி ஊசி. டயாலிசிஸில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தம் உடம்புக்கு வெளியே போய் வரும். பி வைரஸ் ரத்தத்தின் வழியே பரவுவது, உடம்புக்கு வெளியேயும் ஒரு வாரம் உயிரோடு இருக்கக்கூடியது. அதனால்தான் ஹெப்படைடிஸ் பி கிருமி இருப்பவர்களுக்கு டயாலிசிஸ் பிரிவுகளில் தனி மிஷின், தனி இடம் ஒதுக்குகிறார்கள்.

ஆரோக்கியமான பெரியவருக்கு இந்த ஊசி 20 மைக்ரோகிராம் வீதம் மூன்று தடவை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். கிட்னி செயலிழப்பு முற்றியவருக்கும் டயாலிசிஸில் இருப்பவருக்கும் அளவு இரட்டிப்பு. ஒவ்வொரு தடவையும் 40 மைக்ரோகிராம், நம் பக்கம் பெரும்பாலும் நான்கு தடவை: இன்று, ஒன்றாம் மாதம், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். இளவயது ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த ஊசி நன்றாகப் பிடிக்கும். டயாலிசிஸ் தொடங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான். பிஸ்டுலா பக்குவப்பட ஒன்றரை இரண்டு மாதமாவது ஆகும், ஊசி முடிய ஆறு மாதம் ஆகும். கணக்குப் பார்த்தால் பிஸ்டுலா ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே முதல் ஊசி உள்ளே போயிருக்க வேண்டும். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது நீங்களே பேச்சை எடுங்கள்.

ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை அவசியம். எச்.பி.எஸ்.ஏ.ஜி என்ற சோதனை, ஏற்கெனவே கிருமி இருக்கிறதா என்று காட்டும். ஆன்ட்டி எச்.பி.எஸ் என்பது ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சொல்லும். இதில் ஒரு விஷயத்தை எல்லா இடத்திலும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஊசி போட்டு இரண்டு இரண்டரை வாரம் வரைக்கும் ஊசியில் உள்ள புரதமே ரத்தத்தில் தெரிந்து எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ் என்று வந்துவிடலாம். நோய் எதுவும் இருக்காது, ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடே கலங்கிப் போகும், டயாலிசிஸ் பிரிவிலும் பி மிஷினுக்கு மாற்றச் சொல்வார்கள். அதனால் ரத்தம் முதலில், ஊசி பிறகு. இடையில் சோதனைக்கு ரத்தம் கேட்டால் ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஊசியை மேற்கையின் தசையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் கொழுப்பில் தங்கிவிடும், சரியாகப் பிடிக்காது. "கை வலிக்கும், இடுப்பில போடுங்க" என்று அப்பா கேட்டாலும் விடாதீர்கள். பிஸ்டுலா வைக்கப்போகும் கையில் போடவே கூடாது, மற்ற கைதான். பிஸ்டுலாவுக்கான கையில் பிரஷர் பார்ப்பதோ ரத்தம் எடுப்பதோ கூட இப்போதிருந்தே வேண்டாம். கடைசி ஊசி முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் ஆன்ட்டி எச்.பி.எஸ் அளவு பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் 10 mIU/ml-க்கு மேல் இருந்தால் பிடித்தது என்று அர்த்தம். இல்லையென்றால் இன்னொரு சுற்று போடுவார்கள். டயாலிசிஸில் இருக்கிறவரைக்கும் வருஷம் ஒரு தடவை இதைப் பார்த்து, குறைந்தால் ஒரு பூஸ்டர்.

அடுத்து நிமோனியா ஊசி. நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரானது. சுகர், கிட்னி, இதயம், நுரையீரல், ஈரல் என்று எந்தக் கோளாறு இருந்தாலும் இது பட்டியலில் வந்துவிடும். இதில் வகைகள் உண்டு. 13 வகைக் கிருமிக்கானது, 23 வகைக்கானது, புதிதாக வந்திருக்கும் 20 வகைக்கானது. 20 வகை ஊசி கிடைத்தால் அதோடு முடிந்தது, ஒன்றே போதும். இல்லையென்றால் முதலில் 13, பிறகு 23. அப்பா மாதிரி கிட்னி செயலிழந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இரண்டுக்கும் நடுவில் எட்டு வாரம் போதும். சுகர் மட்டும், ஆஸ்துமா மட்டும் என்றால் ஒரு வருஷ இடைவெளி. வரிசை மாறக் கூடாது. விலை குறைவு என்று 23-ஐ முதலில் போட்டுவிட்டால், 13-ஐப் போட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை, தென்கோளத்துக்கு ஒன்றும் வடகோளத்துக்கு ஒன்றுமாக, ஊசியில் என்ன இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறது. எந்தப் பருவத்துக்கானது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதியில், தென்மேற்குப் பருவமழையோடு, தொடங்கும் சளியும் காய்ச்சலும் ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் விட்டுவிட்டு வரும். என்னைக் கேட்டால் மே மாதத்தில், மழை பிடிக்கும் முன் போட்டுவிடுவது நல்லது. ஊசி பிடிக்க இரண்டு வாரம் ஆகும். மே தவறினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில். முட்டை அலர்ஜி இருந்தால் போடக் கூடாது என்று முன்பு சொல்வார்கள், இப்போது அந்தத் தடை இல்லை. மூக்கில் விடும் ஃப்ளூ மருந்து மட்டும் உங்கள் வீட்டில் அப்பாவுக்கும் மயினிக்கும் வேண்டாம், அது உயிருள்ள வைரஸால் ஆனது.

டெட்டனஸைப் பொறுத்தவரை, சுகர்காரர் காலில் எப்போது புண் வரும் என்று சொல்ல முடியாது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை டி.டி என்ற ஊசி, டெட்டனஸும் டிப்தீரியாவும் சேர்ந்தது, போதும். ஒவ்வொரு கீறலுக்கும் ஓடிப் போய் ஊசி போடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அது தேவையில்லை. கடைசி ஊசி போட்டு, சுத்தமான காயம் என்றால் பத்து வருஷமும், மண்ணும் சாணியும் பட்ட காயம் என்றால் ஐந்து வருஷமும் ஆகியிருந்தால்தான் மறுபடி ஊசி என்று கணக்கு.

ஊசிக்குப் பிறகு காய்ச்சலோ வலியோ வந்தால் அப்பாவுக்கு பாரசிட்டமால் மட்டும். பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சல் என்று போனால் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அனுப்பிவிடுவது உண்டு. மிச்சமிருக்கும் கிட்னியையும் அது கெடுத்துவிடும். போனதும் முதல் வார்த்தையாக "கிட்னி பேஷண்ட்" என்று சொல்லுங்கள்.

இனி மயினி. அவருக்கு இன்னும் அவசரம், ஏனென்றால் ரிட்டுக்ஸிமாப் தேதி நெருங்குகிறது. ஃப்ளூ, நிமோனியா, பி எல்லாவற்றையும் அந்த மருந்து ஏற்றுவதற்கு நான்கு வாரம் முன்னால், குறைந்தது இரண்டு வாரம் முன்னாலாவது தொடங்கிவிட வேண்டும். ஏற்றிய பிறகு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு எந்த ஊசியும் சரியாகப் பிடிக்காது. அடுத்த டோஸ் ஏற்றும் தேதிக்குச் சற்று முன்னால்தான் மறுபடி வாய்ப்பு வரும். ஃப்ளூ ஊசி மட்டும் விதிவிலக்கு. சீசன் வந்துவிட்டால் காத்திருக்காமல் போட்டுவிடலாம், கொஞ்சமாவது பிடித்தால் லாபம். ஆனால் வாதம் முற்றி மூட்டுகள் சேதமாகிக்கொண்டிருக்கும்போது ஊசிக்காக மருந்தைத் தள்ளிப் போடலாமா என்பதை அவருடைய வாத டாக்டர்தான் சொல்ல முடியும். "தேதிக்கு முன்னால் ஊசி போட இடம் இருக்கிறதா டாக்டர்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள், போதும்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒரு நுணுக்கம். ஃப்ளூ ஊசி போட்ட பிறகு இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்தி வைத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கிறது. நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் அப்படிச் செய்யலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அது ஃப்ளூவுக்கு மட்டும்தான், மற்ற உயிரற்ற ஊசிகளுக்கு மாத்திரை வழக்கம்போலத் தொடரலாம். டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது.

ரிட்டுக்ஸிமாபுக்கு முன் பி பரிசோதனை கட்டாயம். எச்.பி.எஸ்.ஏ.ஜி மட்டும் போதாது, ஆன்ட்டி எச்.பி.சி என்ற சோதனையும் வேண்டும். எப்போதோ வந்து போன பி கிருமி ஈரலில் உறங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும். அப்படி எழுந்து ஈரல் செயலிழந்து இறந்தவர்கள் உண்டு, அதனால்தான் மருந்தின் குறிப்புச் சீட்டிலேயே இந்த எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது.

அப்புறம் அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் தங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு பக்கமாகக் கொப்புளம் கொப்புளமாக வரும். வாதத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள், குறிப்பாக டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள், அக்கி வரும் வாய்ப்பை நன்றாகவே கூட்டுகின்றன. இதற்கு உயிரற்ற தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, ஷிங்ரிக்ஸ் என்று பெயர். இரண்டு டோஸ், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே இரண்டாவதைப் போட்டுவிடலாம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் பொதுவாகப் பரிந்துரை. மயினி மாதிரி இருப்பவர்களுக்கு அதற்கு முன்பே போடலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். விலை மிக அதிகம், நான் சொல்லும் ஊசிகளிலேயே இதுதான் அதிகம். பணம் இல்லை என்று விட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அக்கி வந்தால் காவி எழுதிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். வைரஸ் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எழுதித்தான் ஆக வேண்டும் என்று பாட்டி சொன்னால், மாத்திரையைத் தொடங்கிவிட்டு எழுதட்டும்.

உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகள் மயினிக்கு ஆகாது. தட்டம்மை கலந்த எம்.எம்.ஆர், சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, பி.சி.ஜி எல்லாம் இந்த வகை. பிரட்னிசோலோன் தினமும் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடுகிற எவருக்கும் இதே விதி. சில மாவட்டங்களில் 2024-ல் சுகர் உள்ள பெரியவர்களுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் காசநோய்க்காக பி.சி.ஜி போட்டார்கள். அது மாதிரி முகாம் எங்கேயாவது நடந்தால், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்லாமல் கையை நீட்டக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கப்பல் வேலைக்கு ஆப்பிரிக்கப் பக்கம் போகிறவர்களுக்கு வேண்டியது. நம் கடற்கரை ஊர்களில் அது அடிக்கடி எழும் பிரச்சினை. போடக் கூடாத உடல்நிலை என்றால் மருத்துவ விலக்குச் சான்றிதழ் வாங்க வழி உண்டு.

உங்கள் வீட்டுக் கணக்கு இதோடு முடிகிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மண்ணீரல் எடுத்தவர்களை நம் மாவட்டத்தில் யாரும் கணக்கில் வைப்பதில்லை. தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவர், பைக் விபத்தில் வயிற்றில் அடிபட்டவர், ரத்தக் கசிவை நிறுத்த மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். தையல் பிரித்து, வேலைக்கும் போய், அந்த ஆபரேஷனையே மறந்துவிடுவார். ஆனால் நிமோகாக்கஸ், மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸ் போன்ற உறை போர்த்திய பாக்டீரியாக்களை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல்தான். அது இல்லாதவருக்குக் காலையில் வந்த காய்ச்சல் இரவுக்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். நிமோனியா, மெனிஞ்சோகாக்கல், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி என்ற பாக்டீரியாவுக்கானது) ஆகிய மூன்று ஊசிகளும் அவருக்கு வேண்டும், ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் முன்னால், விபத்து என்றால் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்து. பத்து வருஷம் முன் எடுத்தவருக்கும் காலம் கடந்துவிடவில்லை, இப்போது போடலாம். ஊசி போட்டிருந்தாலும் குளிரோடு காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்ல வேண்டும். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இதய நோயாளிகளுக்கு ஃப்ளூ ஊசி வெறும் காய்ச்சலுக்கானது அல்ல. ஃப்ளூ வந்து போகும் நாட்களில் மாரடைப்பு கூடுகிறது. மாரடைப்பு வந்து சிகிச்சை எடுத்தவர்கள் பெரும்பாலும் சேர்ந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது, பங்களாதேஷ் உட்பட எட்டு நாடுகளில் சுமார் 2,500 பேர். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஃப்ளூ ஊசி போட்டவர்களில் ஒரு வருஷத்துக்குள் மரணம், மறுபடி மாரடைப்பு, ஸ்டென்ட்டில் ரத்தம் உறைதல் ஆகியவை 5.3 சதவீதம், போடாதவர்களில் 7.2 சதவீதம். வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசி என்றாலே பயப்படுவார்கள். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும். மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முந்திரி ஆலையிலும் விறகடுப்பிலும் புகையைக் குடித்துக் குடித்து மூச்சிரைப்பு வந்த நம் அம்மாக்களுக்கு ஃப்ளூவும் நிமோனியா ஊசியும் வேண்டும். ஈரல் சுருங்கியவர்களுக்கு ஏ, பி இரண்டு ஹெப்படைடிஸ் ஊசியும் நிமோனியா ஊசியும். நம் ஊரில் பெரியவர்கள் பலருக்குச் சிறு வயதிலேயே மஞ்சள் காமாலை ஏ வந்து போய் எதிர்ப்பு இருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் ஊசிச் செலவு மிஞ்சலாம். ஏ ஊசியிலும் உயிருள்ள வகை ஒன்று உண்டு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது வேண்டாம்.

நாய்க்கடிக்கு வருகிறேன். வெறிநாய்க்கடி ஊசிக்குத் தடை என்று எந்த நோயும் கிடையாது. ஆனால் மயினி மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லியாக வேண்டும். வழக்கமாக அரசு ஆஸ்பத்திரிகளில் தோலுக்குள் போடுவார்கள், இவர்களுக்குத் தசையில் போட வேண்டும். ரத்தம் வராத சின்னக் கீறலாக இருந்தாலும் இவர்களுக்கு இம்யூனோகுளோபுலினும், அதாவது தயாராக உள்ள எதிர்ப்பொருளும், சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுவது எல்லோருக்கும் பொது.

கிடைக்கும் இடம்: நாய்க்கடி ஊசியும் டி.டி-யும் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். பி ஊசிக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ அப்பா டயாலிசிஸ் செய்யப்போகும் இடத்திலோ முதலில் கேளுங்கள். வெளியில் வாங்கினாலும் அது விலை குறைவுதான். நிமோனியா, ஃப்ளூ, அக்கி ஊசிகளைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாவிட்டால் என் வரிசை இது: அப்பாவுக்கு முதலில் பி, கூடவே ஃப்ளூ, அடுத்து நிமோனியா, கடைசியில் அக்கி. மயினிக்கு முதலில் நிமோனியாவும் ஃப்ளூவும். ஒரே நாளில் இரண்டு கையிலும் இரண்டு வேறு ஊசி போடலாம், தவறில்லை. பிஸ்டுலாக் கை உள்ள அப்பாவுக்கு மட்டும் ஒரே கையில் ஓர் அங்குலம் தள்ளி.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதாக இருந்தால் ஐஸ் பேக் வைத்த டப்பாவில் கொண்டு போங்கள், ஆனால் மருந்து ஐஸின் மேல் நேராகப் படக் கூடாது. வீட்டு பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பி ஊசி உறைந்தால் செத்துப் போகும், உருகிய பிறகு குலுக்கினால் அடியில் துகள் துகளாகப் படியும். அப்படிப் படிந்த குப்பியைப் போட விடாதீர்கள்.

வீட்டில் மற்றவர்கள் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், எல்லோரும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடுங்கள். ஊசி சரியாகப் பிடிக்காத இரண்டு பேர் இருக்கும் வீட்டில், கிருமியைக் கொண்டுவந்து கொடுக்கப் போவது நீங்கள்தான். மயினியின் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட்டால் அம்மாவுக்கு ஒட்டுமோ என்று பயந்து தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊசியிலிருந்து பக்கத்தில் இருப்பவருக்குப் பரவாது, தேதி தவறாமல் போட்டுவிடுங்கள்.